ஊசிக்காதுக்கு ஒன்பது விநாடி

உலகத்தில் இதுவரை நெய்த துணியையெல்லாம் ஒன்றோடொன்று முடிந்து விரித்தால், அது நிலாவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும். அதில் போகிற வழிக்கான துணி முழுவதையும் வெட்டியவள் எங்கள் மாஸ்டர். சரி, இது கொஞ்சம் மிகை. நிலா வேண்டாம், பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் குறைத்துச் சொல்லச் சொன்னால் சம்மதிக்க முடியாது. இருபத்தாறு வருஷம் சீருடை வெட்டிய கை அது.

தையற்கூடத்தில் துணி வெட்டுகிறவருக்கு மாஸ்டர் என்று பட்டம். ஆணா பெண்ணா என்று அந்தப் பட்டம் கேட்பதில்லை. இரண்டாவது மாடியில் ஒரு நீளக் கூடம், அதன் நடுவே இருபதடி மேஜை, மேஜைமேல் அறுபது அடுக்குத் துணி. இடது கையில் இரும்பு வலைக் கையுறையை மாட்டிக்கொண்டு, மின்சாரக் கத்தியைப் பிடித்து அவள் நடக்க ஆரம்பித்தால், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வருவதற்குள் அறுபது செவிலியருக்கு முன்பக்கம் தயார். நூல் பிடித்தாற்போல் போகும் கத்தி. ஆனால் சாக்குக்கட்டியால் போட்ட கோட்டின்மேல் அது போகாது, அரை அங்குலம் தள்ளிப் போகும். தையலுக்கு விட வேண்டுமே! கோட்டின்மேலேயே வெட்டினால் தைத்த பிறகு சட்டை சுருங்கிப் போகும். இந்தப் பழக்கம் அவள் கையில் எவ்வளவு ஊறியிருந்தது என்றால், வீட்டு அலமாரித் தட்டுக்குக் காகிதம் வெட்டினாலும் அரை அங்குலம் கூடுதலாகவே இருக்கும். அவர்கள் வீட்டில் எல்லாத் தட்டிலும் காகிதம் ஓரத்தில் மடங்கிக்கொண்டு நிற்கும்.

அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். லிப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்றுகொண்டு, இருட்டுக் குழாய்க்குள் மேலும் கீழும் போகிற வேலை. அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. கூட்டாளியின் குரல் கேட்காமல் பொத்தானைத் தொடக் கூடாது. கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியலாம், மனசு ‘போ போ’ என்று தள்ளலாம். குரல் வந்தால்தான் கை நகர வேண்டும். அந்தச் சட்டத்தால்தான் அவருக்குப் பத்து விரலும் இன்னும் மிச்சம் இருக்கின்றன. அதிகம் பேசாத மனிதர். பகலெல்லாம் குழாய்க்குள் இருப்பவருக்கு வானம் என்றால் உயிர். அதனால்தானோ என்னவோ, ஒன்பது வருஷத்துக்கு முன்பு ஒரு கேம் கன்சோலும் அதில் ஒரே ஒரு விமான விளையாட்டும் வாங்கி வந்தார்.

விளையாட்டு எளிமையானது. ஒரு தீவு, ஒரு குட்டி விமானம், அதில் தபால் பை. ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தத் தீவில் எந்நேரமும் பனிமூட்டம். மூக்குக்கு முன்னால் பத்து மரம் தெரிந்தால் அதிர்ஷ்டம், அதற்கு அப்பால் வெள்ளை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். முதல் வாரத்திலேயே அவர் விமானத்தை நாற்பது முறை மலையில் மோதினார்.

அவள் அதுவரை தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள். நாற்பத்தோராவது மோதலில் எழுந்து வந்து சோபாவின் இடது பாதியில் உட்கார்ந்தாள். "நீங்க ஓட்டுங்க. நான் எண்ணுறேன்" என்றாள்.

அன்றைக்குத் தொற்றிக்கொண்ட பழக்கம். இந்தப் பாறையிலிருந்து அந்தப் பனைக்கு ஆறு விநாடி, அங்கிருந்து வலக்கைப் பக்கம் மூன்று. விநாடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டு, சட்டைக்கு மாதிரி வெட்டுகிற பழுப்புக் காகிதத்தில் வரைந்தாள். மேற்குப் பாதிக்கு ஒரு தாள், கிழக்குப் பாதிக்கு ஒரு தாள். இரண்டுக்கும் நடுவே ஒரு ஆறு. ஆற்றுக்குமேல்தான் பனி கெட்டி, அதைக் கடக்கும்போது கீழே வெறும் வெண்புகைதான், அகலத்தை எண்ண வழியில்லை. இரண்டு தாளையும் ஒட்டி, ஒட்டின இடத்தில் ஆற்றை வரைந்து, சுவரில் மாட்டினாள். ஊர்களுக்குப் பெயர் வைத்ததும் அவள்தான். கடல் வளைந்து உள்ளே வருகிற இடம் கைக்குழி. மலைக்குள் போகிற சுரங்கம் காஜா. அதே தையற்கூடத்தில், பொத்தான் துளை போடுகிற காஜா மெஷினில் உட்கார்ந்திருக்கும் நாத்தனாருக்கு அது மரியாதை. விமானம் மேலே இருக்கும்வரை அவர் அவளுக்கு ‘பைலட்’, தரையில் இறங்கிவிட்டால் மறுபடி ‘ஏங்க’. அவருக்கு அவள் எப்போதும் மாஸ்டர்தான்.

தீவில் எல்லா ஊருக்கும் தபால் போய்ச் சேர்ந்தது, ஒரே ஒரு ஊரைத் தவிர. அந்த ஊர் மலைக்குப் பின்னால் இருந்தது. உள்ளே போக மலையில் ஒரே ஒரு பிளவு, அதற்கு அவள் ஊசிக்காது என்று பெயர் வைத்திருந்தாள். கிழக்கிலிருந்து வந்தால் அதன் வாய் தெரியும், ஆனால் பாறை ஒன்று குறுக்கே நீட்டிக்கொண்டிருப்பதால் நுழைய முடியாது. மேற்கிலிருந்து வந்து, காஜாவை விட்டு வெளியேறி, ஆற்றைக் கடந்து, வரைபடப்படி ஒன்பதாவது விநாடியில் இடது பக்கம் திரும்ப வேண்டும்.

ஒன்பது வருஷமாக அவள் ஒன்பது என்றாள். ஒன்பது வருஷமாக அவர் திரும்பினார். ஒன்பது வருஷமாக விமானம் பாறையில் அப்பளமாக நொறுங்கியது.

"கை மெதுவுங்க உங்களுக்கு" என்பாள் அவள்.

"மெதுவுதான்" என்பார் அவர். மறுபடி தபால் பையை ஏற்றுவார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"மாஸ்டர்! அந்த கேம் கடை இருக்கே, மூணாவது மாடியில, அங்க லிப்ட் பாக்கப் போனேன். புது பெட்டி ஒண்ணு வந்திருக்கு. அதுல நம்ம தீவு ஓடுது! பனியே இல்ல. ஒரு பொட்டுகூட இல்ல. கடைசி வரைக்கும் தெரியுது!" அவர் ஒரு மாதத்தில் பேசுகிற பேச்சு அது. "பழசக் குடுத்தா எடுத்துக்கறாங்களாம், ஞாயித்துக்கிழமை வரைக்கும். என்ன சொல்றே? இனிமே வழியே கேக்க வேணாம்!"

"நல்லதுதானே" என்றாள் அவள். சமையலறைக்குள் போய், கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள்.

இனிமேல் வழியே கேட்க வேண்டாம். அதாவது, இனிமேல் அவளைக் கேட்க வேண்டாம். சோபாவின் இடது பாதியில் இனி ஒரு தலையணையை வைத்தாலும் போதும். குழாயடியில் நின்றபடி அவள் யோசித்துப் பார்த்தாள். பகலில் அவருக்கு அவருடைய வேலை, அவளுக்கு அவளுடையது. வீட்டுக்கு வந்தால் என்ன வாங்க வேண்டும், எது ரிப்பேர் என்று நாலு வார்த்தை. மற்றபடி இரண்டு பேரும் பேசிக்கொண்டதெல்லாம் அந்தப் பனிக்குள்தான். இதை அவரிடம் சொல்லலாமென்றால், விளையாட்டுப் பெட்டிக்குப் போட்டியாக நிற்கிறாள் என்று ஆகிவிடும். ஆகையால் சொல்லவில்லை. "உங்க இஷ்டம்" என்றாள். "இல்ல, நீ சொல்லு" என்றார் அவர். வெள்ளிக்கிழமை முழுவதும் இந்த இஷ்டம் பந்துபோல அங்கும் இங்கும் போய்வந்தது.

சனிக்கிழமை தையற்கூடத்தில் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் குடியிருப்பவள், அண்ணன் வீட்டு விஷயம் அண்ணனுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"என்ன அண்ணி, முகம் இஸ்திரி போடாத துணி மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"பெட்டிதானே? ஐயோ, சக்களத்தி வந்திருந்தாக்கூட இப்படி உருகியிருக்க மாட்டீங்க! ஒண்ணு செய்யுங்க. உங்க காகிதத்தைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போங்க. கடையில வச்சு ஒத்துப் பாருங்க. தீவு உண்மையிலேயே அப்படித்தான் இருக்கா, இல்ல ஒம்பது வருஷமா எங்க அண்ணனை வெறுங்காகிதத்துல சுத்த விட்டீங்களான்னு தெரிஞ்சுபோயிடும்."

சுருக்கென்றது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டிக்கொண்டாள். நாத்தனாரும் கூடவே கிளம்பினாள். வேடிக்கை என்றால் அவள் காலுக்குச் சக்கரம் முளைக்கும்.

லிப்டில் ஏறி மூன்றாவது மாடிக்குப் போனார்கள். போகும்போது அவர் காதைச் சாய்த்து லிப்டின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டார். கடையில் சுவரையே அடைத்துக்கொண்டு ஒரு திரை. கடைக்காரர் கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்துவிட்டு விளக்கைக் குறைத்தார்.

விமானம் ஓடுதளத்தை விட்டு எழும்பியது.

மாஸ்டர் வாயைத் திறந்தாள், மூட மறந்தாள். கடையில் அன்றைக்கு ஈ இருந்திருந்தால் உள்ளே குடித்தனம் வைத்திருக்கும். பனி இல்லை. மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீலம். அதற்கும் பின்னால் கடல், கடலின் கோடியில் வெயில் தகடுபோல் மின்னியது. அவள் பத்து மரம் எண்ணிய இடத்தில் பதினாயிரம் மரம் நின்றன. எல்லாமே காற்றில் அசைந்தன. மேகத்தின் நிழல் ஒன்று வயல்களைத் தடவிக்கொண்டே போனது. அவள் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"பனி எங்கங்க போச்சு?" என்று கடைக்காரரைக் கேட்டாள். தன் குரல் கோயிலுக்குள் பேசுவதுபோல் தணிந்திருப்பது அவளுக்கே தெரிந்தது.

"அது பனியே இல்லம்மா. பழைய பெட்டிக்கு அவ்வளவு சக்தி கிடையாது. தூரத்துல இருக்கறதையெல்லாம் வரைய முடியாது. அதனால வெள்ளையா ஒரு திரையப் போட்டு மறைச்சுக்கும்."

"அப்போ இந்த மலையெல்லாம்?"

"அங்கேயேதாம்மா இருந்துச்சு."

ஒன்பது வருஷம்! தினமும் இதன் நடுவே பறந்திருக்கிறார்கள். இத்தனையும் கையெட்டும் தூரத்தில் மௌனமாக நின்றுகொண்டிருந்திருக்கிறது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதைவிட அடுத்து நடந்ததுதான் பெரிது. விமானம் சாய்ந்து திரும்பியபோது கீழே கடல் வளைந்து உள்ளே வருவது தெரிந்தது. கைக்குழி! சட்டையின் கைக்குழிக்கு எந்த வளைவோ அதே வளைவு. அவள் ஒருநாளும் முழுதாகப் பார்க்காத வளைவு. பனிக்குள் துண்டு துண்டாக எண்ணி அவள் கை வரைந்ததைத் தீவு அப்படியே ஒப்பித்துக் காட்டியது. அதோ முனை, அதோ மூன்று பொத்தான் பாறைகள், அதோ காஜா. அவள் போட்ட இடத்தில் எல்லாம் அது அது இருந்தது. மலைகளைப் பார்த்து வந்த மலைப்பு தன் கையைப் பார்த்தும் வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. வலது கையை எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அண்ணி, பொய் சொல்லலை நீங்க" என்றாள் நாத்தனார். அவள் வாயில் இதுவே மாலை மரியாதை.

ஆனால் அவர் எதையும் கேட்கவில்லை. கண் விரிய, தன்பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே போனார். வலப்பக்கம் போகட்டுமா என்று கேட்கவில்லை, எத்தனை விநாடி என்று கேட்கவில்லை. எல்லாம்தான் தெரிகிறதே! அவள் பக்கத்திலேயே நின்றாள். ஒன்பது வருஷத்தில் முதன்முறையாக அவள் நாக்குக்கு வேலை இல்லை. அவ்வளவு பெரிய அழகுக்கு நடுவே நெஞ்சு மட்டும் சின்னதாகிப் போனது.

விமானம் காஜாவுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது. எதிரே ஆறு.

"நிறுத்துங்க!" என்றாள் அவள்.

அவர் சட்டென்று ஆட்டத்தை நிறுத்தினார். விமானம் அந்தரத்தில் நின்றது.

"இதுவா ஆறு? நூல் மாதிரி இருக்கே!"

அவள் வரைபடத்தில் ஆறு ஒரு அங்குல அகலம். திரையிலோ, ஒரு பையன் கல்லை எறிந்தால் அக்கரையில் விழும். கடைக்காரரின் கண்ணாடி மேஜையில் வரைபடத்தை விரித்தாள். மேற்குத் தாளின் கரைக்கோட்டைத் தொட்டாள். கோட்டுக்கு அப்பால் அரை அங்குலம் கூடுதல் காகிதம். கிழக்குத் தாளைத் தொட்டாள். அங்கேயும் கோட்டுக்கு அப்பால் அரை அங்குலம். இரண்டையும் ஓரத்தோடு ஓரம் ஒட்டி, நடுவில் இருந்த ஒரு அங்குலம் முழுவதற்கும் நீலம் தீட்டியிருந்தாள்.

தையலுக்கு விட்டிருக்கிறாள்! தீவுக்குத் தையல் விட்டிருக்கிறாள். விட்டவள் தைக்கவுமில்லை. அரை அங்குலம் ஒரு விநாடி, இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு விநாடி.

பர்ஸில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். ஆற்றைச் சட்டை மடிப்புபோல் உள்ளே மடித்து, இரண்டு கரைக்கோடுகளையும் சேர்த்து ஊசி குத்தினாள். நீலம் காணாமல் போய், நூல்போல் ஒரு கோடு மட்டும் நின்றது. காஜாவிலிருந்து ஊசிக்காது வரை விரலால் அளந்தாள். ஏழு.

"ஏங்க..." என்றாள். வரைபடத்தை அவர் பக்கம் திருப்பினாள். "உங்க கை மெதுவு இல்லைங்க. என் கைதான். ஒம்பது இல்ல, ஏழு."

அவர் வந்து வரைபடத்தைப் பார்த்தார். மடிப்பைத் தடவிப் பார்த்தார்.

"ஒம்பது வருஷத்துல ஒருதடவைகூட உங்களுக்குச் சந்தேகம் வரலையா? கொஞ்சம் முன்னாடியே திருப்பிப் பாப்போம்னு தோணலையா?"

"தோணுச்சு" என்றார் அவர். "ஆனா நீ ஒம்பதுன்னு சொன்னே."

கடைக்காரர் இருமினார். "சார், இப்பதான் கண்ணுக்கு நேரா தெரியுதே. அதோ பிளவு. அப்படியே உள்ளே போயிடுங்க. பின்னாடி இருக்கற ஊரைப் பாத்தா அசந்துபோயிடுவீங்க."

அவர் கட்டைவிரல் நகர்ந்தது.

"தொடாதீங்க! கண்ணால பாத்துக்கிட்டுப் போறதுக்கு நான் எதுக்கு?"

மூன்று நாளாக டம்ளரிலும் தட்டிலும் தேய்த்துக்கொண்டிருந்தது வாய்வழியாக வந்துவிட்டது. அவர் அவளைப் பார்த்தார். லிப்ட் எங்கே பழுது என்று கண்டுபிடித்துவிட்டால் அவர் முகத்தில் ஒரு அமைதி வரும், அது வந்தது. கன்ட்ரோலரை மெல்ல மேஜைமேல் வைத்தார்.

"கடை எத்தனை மணிக்குச் சாத்துவீங்க?"

"எட்டுக்கு சார். அதோட இந்தச் சலுகையும் முடிஞ்சுது."

வீட்டுக்கு வந்து, மடிப்போடும் குண்டூசியோடும் வரைபடத்தைச் சுவரில் மாட்டினாள். பழைய பெட்டியைப் போட்டார்கள். அதன் விசிறி கிழவன் மாடியேறுவதுபோல் மூச்சு வாங்கியது. திரை வெள்ளையாயிற்று. அதே பனி. ஆனால் இப்போது அதற்குப் பின்னால் என்ன நிற்கிறதென்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்த வெள்ளை முன்புபோல் வெறுமையாக இல்லை, நிறைந்திருந்தது. அவள் சோபாவின் இடது பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பைலட், காஜா."

"நுழைஞ்சாச்சு மாஸ்டர்."

"வெளியே. ஒண்ணு. ரெண்டு. மூணு." ஆற்றைக் கடந்தார்கள், பனியில் அது தெரியவில்லை. "நாலு. அஞ்சு." நாத்தனார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ஆறு. ஏழு, இடது!"

அவர் திருப்பினார். இறக்கைக்கு இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பாறை, இரண்டுக்கும் நடுவே வெள்ளை. விமானத்தின் இரைச்சல் குழாய்க்குள் போனதுபோல் மாறியது. இரைச்சல் விரிந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு சிவப்பு விளக்கு, பிறகு ஒரு ஓடுதளம், அதன் ஓரத்தில் கொடியை ஆட்டிக்கொண்டு ஒற்றை ஆள். ஒன்பது வருஷம் தாமதமாக வந்த தபாலை அந்த மனிதன் ஒரு கடுஞ்சொல் இல்லாமல் வாங்கிக்கொண்டான்.

விசிறி இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து, சூடாகக் கொதித்துக்கொண்டிருந்த பெட்டியின் தலையில் கை வைத்தாள்.

"வயரைக் கழட்டுங்க. எட்டு மணிக்குச் சாத்திடுவாங்க."

"நெஜமாவா? புதுசுல பனி இருக்காதே, மாஸ்டர்."

"இல்லாட்டிப் போகட்டும். வெட்டினதை வெளிச்சத்துல வச்சுப் பாக்கலைன்னா நான் என்ன மாஸ்டர்? முழுத் தீவையும் பாக்கணும் எனக்கு."

"வழி?"

"கேட்டா சொல்றேன்."

மறுநாள் தேநீர் இடைவேளையில் கூடமே அவளைச் சுற்றி நின்றது. கையுறையைக் கழற்றாமலே அவள் கதையை அளந்தாள். மலைகள் பதினேழு என்றாள், நீலத்தில் நாற்பது வகை என்றாள், யாரும் குறுக்கே பேசவில்லை.

"ராத்திரி புதுப் பெட்டியில மறுபடி போனோம். ஊசிக்காது பட்டப்பகலா தெரியுது, கொழந்தைகூட உள்ள போயிடும். இவரு என்ன செஞ்சாரு தெரியுமா? காஜாவைத் தாண்டினதும் ரெண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கிட்டாரு. ‘மாஸ்டர், சொல்லு’ன்னாரு. நான் எண்ணினேன். ஏழுல திருப்பினாரு பாருங்க, நூல் கோத்த மாதிரி உள்ள போச்சு!"

காஜா மெஷினிலிருந்து காலை எடுக்காமல், தலையையும் நிமிர்த்தாமல், நாத்தனார் சொன்னாள்:

"ரெண்டு இல்ல அண்ணி, ஒரு கண்ணு. உங்க பக்கம் இருந்த கண்ணை மட்டும்தான் மூடினாரு. இந்தப் பக்கம் நான் உக்காந்திருந்தேன்."